ஆர்மோனியப் பெட்டியின் அகவை

கடல் கடந்து வந்து குடியேறிய மக்களின் இல்லங்களில் பழம்பொருள்கள் மிகுந்திருத்தல் அரிது. கப்பலேறும் வேளையில் ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய்ச்சுருள், சில ஏனங்கள் ஆகியவற்றுக்கு மேல் எதைத்தான் கொண்டுவர இயலும்? ஆயினும், நடு அந்தமானில் நம் ரங்கத்தைச் சூழ்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆங்காங்கே ஓர் ஆர்மோனியப் பெட்டி பரண்மேலோ பூசையறை மூலையிலோ இருக்கக் காண்கிறோம். பாட்டனார் வாசித்தது என்பர் சிலர். நாடகக் கம்பெனியிலிருந்து வந்தது என்பர் சிலர். இரங்கூனிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். அதன் வயது யாதென வினவினால், "நூறு ஆண்டு இருக்கும்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

அந்த நூறு ஆண்டு மெய்தானா? மெய்யா அன்றா என்பதை எவ்வாறு அறிவது? அறிந்து ஆவதென்ன? இம்மூன்று வினாக்களுக்கும் இயன்ற அளவில் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டி பிறந்த வரலாறு

எந்தப் பொருளின் வயதையும் ஆராயப் புகுமுன், அவ்வகைப் பொருள் உலகில் என்று தோன்றியது என்பதை அறிதல் வேண்டும். காற்றுப் பட்டு அதிரும் தனி நாக்கினால் ஒலி எழுப்பும் முறை சீன நாட்டின் 'செங்' என்னும் பழங்கருவியில் உள்ளது. அம்முறையை ஒட்டி ஐரோப்பியர் பல கருவிகளைச் செய்து பார்த்தனர். பாரிசு நகரத்து அலெக்சாந்தர் தெபேன் என்பார் 1840-களின் தொடக்கத்தில் தாம் செய்த கருவிக்கு 'ஆர்மோனியம்' எனப் பெயரிட்டு உரிமை பெற்றார். அது மேசை போன்ற பெரிய கருவி. நாற்காலியில் அமர்ந்து, காலால் துருத்தியை மிதித்து, இரு கைகளாலும் வாசிக்க வேண்டும். பாதிரிமாரும் ஆங்கில அதிகாரிகளும் அதனை இந்தியாவுக்குக் கொணர்ந்தனர்.

தரையில் அமர்ந்து பாடும் நம் நாட்டு வழக்கத்துக்கு அக்கருவி ஒவ்வவில்லை. கல்கத்தாவில் 1875 இல் துவார்க்கின் என்னும் இசைக்கருவி நிலையத்தைத் தொடங்கிய துவாரகநாத் கோஷ், அதன் உறுப்புகளைச் சுருக்கி, துருத்தியைப் பின்புறத்தில் அமைத்து, ஒரு கையால் காற்றூட்டி மறுகையால் வாசிக்கும் பெட்டியை 1884 ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார். இன்று நாம் ஆர்மோனியம் என்று அழைப்பது இக்கைப்பெட்டியையே. எனவே, கைப்பெட்டி ஒன்றைக் காட்டி, "இது 1857 சிப்பாய்க் கலகத்துக்கு முந்தியது" என்று எவரேனும் கூறின், அக்கூற்று நில்லாது. கால் ஆர்மோனியமாயின் அவ்வாறு கூறுதற்கு ஓரளவு இடமுண்டு.

தமிழ் மேடையில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஊர் ஊராகச் சென்று நடித்த பார்சி நாடகக் குழுக்களின் வழியே ஆர்மோனியம் தமிழ் மேடைக்கு வந்து சேர்ந்தது. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகங்கள் பெரிதும் பாட்டினாலேயே நடந்தவை. சுவாமிகள் 1918 இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலும், அது போன்ற பிற பாய்ஸ் கம்பெனிகளிலும், ஆர்மோனியக்காரரே மேடைக்கு உயிர்நாடியாக விளங்கினார். திரை எழுமுன் அவர் வாசிப்பு எழும். நடிகர் வசனத்திலிருந்து பாட்டுக்குத் தாவும்போது சுருதியை எடுத்துக் கொடுப்பதும் அவரே. ஒலிபெருக்கி வாராத அக்காலத்தில் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933), கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) போன்றோரின் எட்டூர்க் குரலுக்கு ஈடுகொடுத்து நின்ற கருவி இது.

இக்கருவி தமிழுக்கு ஒரு சொல்லையும் ஈந்துள்ளது. பாடகர் ஒருவரின் சுருதியை 'நாலு கட்டை' என்றும் 'ஐந்தரைக் கட்டை' என்றும் இன்றும் கூறுகிறோம் அல்லவா? அக்கட்டை ஆர்மோனியத்தின் கட்டையே. ஆங்கிலேயர் 'சி' என்று குறிக்கும் வெள்ளைக் கட்டையை ஒன்றாகக் கொண்டு எண்ணினால், நான்காவது வெள்ளைக் கட்டை நாலு கட்டை; ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடைப்பட்ட கறுப்புக் கட்டை ஐந்தரை. ஆர்மோனியத்தை இகழ்ந்து ஒதுக்கும் சங்கீத வித்துவானும் தம் சுருதியை அதன் கட்டையைக் கொண்டே கூறுகிறார் என்பது எண்ணத்தக்கது.

நாடகம் நலிந்த பின்னரும் பெட்டி ஓய்ந்ததில்லை. பாவலர் வரதராசன் தம் தம்பியரோடு ஊர் ஊராகச் சென்று பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியபோது உடன் சென்றதும் ஆர்மோனியமே. அத்தம்பியருள் ஒருவரே பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ் பெற்ற இளையராஜா.

ஏடுகள் ஒதுக்கிய கருவி

இத்துணைப் புகழ் இருந்தும் இக்கருவிக்குச் சான்றோர் அவையில் இடம் கிடைக்கவில்லை. நம் இசையின் உயிராகிய கமகத்தை அசைவற்ற கட்டைகளால் காட்டவியலாது என்பதும், நுண்சுருதிகளை இது சமப்படுத்தி விடுகிறது என்பதும் அறிஞர் கூறிய குறைகள். பாரதியாரே தம் உரைநடையில் இதனைக் கடிந்து எழுதினார். ஜான் போல்ட்ஸ் என்னும் ஆங்கில இசையமைப்பாளர் 1938 இல் வானொலி இதழில் இதனைத் தாக்கிக் கட்டுரை வரைந்தார். தாகூர் 1940 சனவரியில் கல்கத்தா வானொலிக்கு எழுதிய கடிதத்தில் இதனை விலக்குமாறு வேண்டினார். 1940 மார்ச்சு முதல் நாளிலிருந்து அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. போர்ட் பிளேரில் வானொலி நிலையம் அமைந்த 1963 ஆம் ஆண்டிலும் அத்தடை நீங்கியிருக்கவில்லை. 1971 இல்தான் அது தளர்ந்தது.

இதனை ஈண்டு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் குருபரம்பரை உண்டு. செய்தோர் பெயரும் வாசித்தோர் பெயரும் ஏட்டிலும் இசைத்தட்டிலும் பதிவாகியுள்ளன. ஊர்ப்புறத்து ஆர்மோனியக்காரருக்கு அவ்வாறு பதிவு செய்வார் இலர். முப்பது ஆண்டுக்கு மேல் வானொலியும் அவருக்குக் கதவடைத்தது. ஆகவே, அவர் வாழ்ந்ததற்கும் வாசித்ததற்கும் எஞ்சியுள்ள சான்று பல இடங்களில் அப்பெட்டி ஒன்றே. நம் வீட்டுப் பரணில் கிடப்பது அத்தகைய சான்று என்பதை உணர்ந்தால், அதன் வயதை வினவுதல் வீண் வேலையன்று என்பது விளங்கும்.

முன்னெல்லையும் பின்னெல்லையும்

வரலாற்று ஆசிரியர் ஒரு கல்வெட்டின் காலத்தைக் கணிக்கும்போது இரண்டு எல்லைகளை வகுப்பர். இன்ன ஆண்டுக்கு முந்தியிருக்க இயலாது என்பது முன்னெல்லை; இன்ன ஆண்டுக்குப் பிந்தியிருக்க இயலாது என்பது பின்னெல்லை. இரண்டையும் மெல்ல மெல்ல நெருக்கிக்கொண்டு வந்தால் உண்மையான காலம் இடையில் அகப்படும். ஆர்மோனியப் பெட்டிக்கும் இம்முறையே பொருந்தும்.

முதற்கண் நம் தீவுவாசிகள் விலக்க வேண்டிய மயக்கம் ஒன்றுண்டு. பெட்டி கறுத்திருக்கிறது, ஆணி துருப்பிடித்திருக்கிறது, துருத்தித் தோல் இற்றிருக்கிறது, ஆகவே மிகப் பழமையானது என்று முடிவு கட்டுதல் கூடாது. ஆண்டில் இரு பருவமழை பெய்து, உப்புக்காற்று ஓயாது வீசும் இவ்விடத்தில், ஐந்தாண்டுத் துரு ஐம்பதாண்டுத் துருவைப் போலத் தோன்றும். கறையான் பழையது புதியது பார்த்து அரிப்பதில்லை. தோற்றம் பெட்டி பட்ட பாட்டைக் கூறும். பிறந்த ஆண்டைக் கூறாது.

எழுத்துச் சான்று

முதலில் நாடவேண்டியது எழுத்து. பெரும்பாலான பெட்டிகளில் செய்தவரின் பெயரும் முகவரியும் பொறித்த சீட்டோ தகடோ இருக்கும். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருப்பின், அச்சீட்டு 1972 ஆகஸ்டு 15 ஆம் நாளுக்கு முந்தியதன்று. அன்றுதான் அவ்வெண் முறை நடைமுறைக்கு வந்தது. நம் ரங்கத்தின் 744205 என்னும் எண்ணும் அம்முறையைச் சார்ந்ததே. ஆங்கில எழுத்தில் 'மெட்ராஸ்' என்றிருப்பின் பெரும்பாலும் 1996-க்கு முந்தியது. 'சென்னை' என்றிருப்பின் அதனை ஒட்டியோ பிந்தியோ வந்தது. தமிழில் நாம் என்றும் சென்னை என்றே எழுதி வந்தமையால், தமிழ்ச் சீட்டுக்கு இவ்விதி பயன்படாது. 'கல்கத்தா', 'கொல்கத்தா' என மாறியது 2001 இல். நம் தலைநகராகிய போர்ட் பிளேர் 2024 இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இன்று ஒட்டப்படும் ஒவ்வொரு சீட்டும் நம் பேரருக்கு இவ்வாறே காலம் காட்டும்.

அடுத்து விலைக்குறிப்பு. பெட்டியின் அடியிலோ உட்பலகையிலோ பென்சிலால் விலை எழுதும் வழக்கம் கடைக்காரரிடம் உண்டு. ரூபாய், அணா, பை என்ற கணக்காயின் அது 1957 ஏப்ரல் முதல் நாளுக்கு முந்தியதாதல் வேண்டும்; பழக்கத்தால் சில ஆண்டுகள் தாண்டியும் சிலர் அணாக் கணக்கில் எழுதியிருத்தல் கூடும். 'நயா பைசா' என்றிருப்பின் பெரிதும் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 1964 இல் 'நயா' என்னும் அடைமொழி நீங்கியது.

தமிழ் எழுத்தின் வடிவமும் சான்றாகும். இன்று நாம் எழுதும் 'றா', 'னை', 'லை' முதலிய சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978 இல் ஏற்றது. பெரியார் தம் இதழ்களில் 1935 முதலே அவற்றைக் கையாண்டாரெனினும், பொது அச்சகங்களில் அவை பரவியது அரசு ஏற்ற பின்னரே. ஆகவே, அச்சிட்ட சீட்டில் புது வடிவம் இருப்பின் பெரும்பாலும் அது 1978-க்குப் பிந்தியது. பழைய வடிவம் இருப்பது கொண்டு மட்டும் பழையது என்று கூறவியலாது. முதியோர் பலர் இறுதிவரை கொம்பிட்ட 'லை'யையே எழுதினர்.

நாக்குகளைப் பழுதுபார்த்த ஆசாரியோ இசைக்காரரோ உள்ளே தமிழ் ஆண்டினைக் குறித்து வைத்திருத்தலும் உண்டு. இங்கே விழிப்பு வேண்டும். தமிழ் ஆண்டுகள் அறுபதே. அவை சுழன்று வருபவை. 'பிலவ வருடம் ஆனி மாதம்' என்றிருப்பின் அது 1901 ஆகலாம், 1961 ஆகலாம், 2021-உம் ஆகலாம். நெல்லை, நாஞ்சில் நாட்டார் கொல்லம் ஆண்டையும் சேர்த்து எழுதுவர். அவ்வாறு 'பிலவ, ஆனி, 1136' என்றிருக்குமாயின் ஐயம் நீங்கும். ஆனி மாதத்துக்குரிய கொல்லம் எண்ணோடு 825-ஐக் கூட்டினால் 1961 எனத் தெளிவாகும். ஒரு சிறு எண் அறுபதாண்டு மயக்கத்தைத் தீர்த்துவிடுகிறது.

துருத்தியின் மடிப்புக்குள் ஒட்டிய காகிதத்தையும் காணுதல் நன்று. பழுதுபார்ப்போர் கிழிசலுக்குப் பழைய செய்தித்தாளை ஒட்டுவர். அதில் ஒரு தேதியோ, திரைப்பட விளம்பரமோ, தேர்தல் செய்தியோ தென்படின், அவ்வொட்டு அந்நாளுக்கு முந்தியதாகாது.

மரமும் உலோகமும்

எழுத்து அழிந்துபோன பெட்டிகளில் உறுப்புகளே பேச வேண்டும். நாக்குத் தகடுகளில் நாட்டின் பெயர் பொறித்திருக்கும். பிரித்தானியரின் 1887 ஆம் ஆண்டு வாணிகச் சின்னச் சட்டத்துக்குப் பின்னரே அயல்நாட்டுப் பொருள்களில் 'செர்மனியில் செய்தது' என்பது போன்ற பொறிப்பு பரவலாயிற்று. 'மேற்கு செர்மனி' என்றிருப்பின் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. இரு உலகப் போர்க் காலங்களிலும் செர்மானியச் சரக்கு வரவு நின்றது. குசராத்து மாநிலத்துப் பாலித்தானா நாக்கு செய்யும் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊராக விளங்குகிறது.

திருகாணியின் தலையில் ஒரே கீறல் இருப்பது பழைய முறை. கூட்டல் குறி போன்ற பள்ளமுடையது அமெரிக்காவில் 1936 ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வந்தது. அத்தகைய ஆணி தொடக்கத்திலிருந்தே பெட்டியில் இருந்தால் அப்பெட்டி அதற்கு முந்தியதன்று. 'தொடக்கத்திலிருந்தே' என்பது இங்கு இன்றியமையாத சொல். ஆணியைச் சுற்றி அடைபட்ட பழைய துளை தென்பட்டால், அவ்வாணி பின்னால் வந்தது என்க. அவ்வாறே வெள்ளைப் பசை தடவிய மூட்டு பெரும்பாலும் அண்மைக்காலத்து வேலையாகும். நம் நாட்டில் ஃபெவிகால் 1959 இல்தான் தோன்றியது. அதற்கு முன் தச்சர் பயன்படுத்தியது காய்ச்சிய வச்சிரப் பசை.

சுருதி கொண்டு வயது காண முயல்வாரும் உளர். பிரான்சு நாடு 1859 இல் 435 அதிர்வு என்ற அளவை வகுத்தது. இன்று வழங்கும் 440 என்னும் அளவு 1939 இல் இலண்டன் மாநாட்டில் ஏற்கப்பட்டது. ஆயின், நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். நம் பெட்டிகளோ பலமுறை சுரண்டப்பட்டவை. எனவே இச்சான்று வலுவற்றது.

எடுத்துக்காட்டாக ஒரு பெட்டியைக் கற்பனை செய்வோம். குடும்பத்தார் நூறாண்டு என்கின்றனர். அடியில் அணாக் கணக்கில் விலை. நாக்குத் தகட்டில் 'மேற்கு செர்மனி'. உட்பலகையில் 'பிலவ, ஆனி' என்னும் பழுதுபார்த்த குறிப்பு. தகடுகளைப் பொருத்திய ஆணித்துளைகள் ஒற்றையாக இருப்பதால் அவை மாற்றப்பட்டனவல்ல. அப்படியாயின் முன்னெல்லை 1949. அணாக் கணக்கால் பின்னெல்லை 1957 அல்லது அதனை அடுத்த சில ஆண்டு. 'பிலவ' 1901 ஆதல் இயலாது. பாட்டனார் காலத்துக் கையெழுத்தாதலின் 2021-உம் அன்று. 1961 என்பது பெறப்படும். பெட்டியின் அகவை எழுபதையொட்டியது. நூறு தேயினும், உறுதியான எழுபது கிடைத்தது.

இரங்கூன் பெட்டி

இவ்வாறு கணக்கிடும்போது குடும்பக் கதையோடு மோதல் நேரலாம். 'இரங்கூனில் பாட்டனார் வாசித்தது' என்று வழிவழியாகக் கூறிவந்த பெட்டி 1950-களில் செய்யப்பட்டது என்று தெரிந்தால், கதை பொய்யாகி விடுமோ?

நாம் அவ்வாறு கருதவில்லை. பர்மாவில் தமிழர் செழித்து வாழ்ந்ததும், நாடகக் குழுக்கள் அங்குச் சென்று நடித்ததும் வரலாறு. 1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் கையில் வீழ்ந்தது. அதே மாதம் போர்ட் பிளேரும் வீழ்ந்தது. எண்ணற்றோர் காட்டு வழியே கால்நடையாக அசாமை நோக்கி நடந்தனர். அந்நடையில் குழந்தையைச் சுமந்தவர் ஆர்மோனியத்தைச் சுமந்திருப்பரோ? 1960-களில் வணிகம் நாட்டுடைமையாக்கப்பட்ட பின் கப்பலேறியவரும் பெரும்பாலும் வெறுங்கையராகவே திரும்பினர். ஆகவே, அங்கே இழந்த பெட்டிக்கு ஈடாக இங்கே வேறொன்று வாங்கி, அதனையும் இரங்கூன் பெட்டி என்றே வீட்டார் அழைத்திருத்தல் கூடும். இறந்த பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் குடியினர் நாம். இழந்த பொருளின் பெயரை வாங்கிய பொருளுக்கு இடுதல் நமக்குப் புதிதன்று. கதை இழப்பின் வரலாற்றைக் கூறுகிறது. பெட்டி மீட்சியின் வரலாற்றைக் கூறுகிறது. இரண்டும் எழுதத்தக்கவை.

மேலும், எழுபதாண்டு என்பது இத்தீவில் சிறு காலமன்று. நாடு பிரிந்தபின் கிழக்கு வங்கத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் 1949 முதல் அந்தமானில் குடியமர்த்தப்பட்டனர். நடு அந்தமானில் காடு திருத்தி ஊர்கள் எழுந்ததும் அதனை அடுத்தே. 1950-களில் செய்த பெட்டி நம் குடியேற்றத்தின் ஒத்த அகவையினது.

கித்தாருக்கும் இதே நெறி

நம் இளைஞர் இன்று விரும்புவது மின் கித்தார். கல்கத்தாவில் அவாய்க் கித்தார் பெருவழக்காக இருந்தமையால், நம் வங்காள அண்டை வீடுகளில் மடிமேல் கிடத்தி வாசிக்கும் பழைய மின் கித்தார் இருத்தலும் கூடும். அதன் வயது காணவும் இதே நெறிதான். மின் கித்தார் விற்பனைக்கு வந்தது 1932 இல், அமெரிக்காவில்; வாணலி போன்ற வடிவுடைய அவாய்க் கித்தார் அது. ஆகவே அதற்கு முந்திய மின் கித்தார் என்பது இல்லை. அமெரிக்க உறுப்பு பூட்டிய கருவியாயின், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடிப்பாகத்தில் எண் பொறித்திருக்கும். 1376632 எனின், 137 செய்த நிறுவனத்தையும், 66 என்பது 1966 ஆம் ஆண்டையும், 32 என்பது அவ்வாண்டின் 32 ஆம் கிழமையையும் குறிக்கும். அவ்வுறுப்பு தொடக்கத்திலிருந்தே இருந்ததாயின், கருவி அதற்கு முந்தியதன்று. பின்னர் மாற்றப்பட்டதாயின், பழுதுபார்த்த காலத்தையே அது காட்டும்.

நாம் செய்யத்தக்கன

இனி, இவ்வறிவால் நாம் செய்யத்தக்கவை சில. பழைய பெட்டிக்கு மெருகேற்றும் ஆர்வத்தில் சீட்டைச் சுரண்டுதலும், உட்பலகைக்கு வண்ணம் பூசுதலும் கூடா. துருத்தியை மாற்ற நேர்ந்தால், பழைய காகித ஒட்டைக் குப்பையில் எறியாமல் ஓர் உறையிலிட்டு வைத்தல் வேண்டும். மாற்றிய உறுப்பு எது, மாற்றிய நாள் எது என்று ஆண்டு, மாதம், நாளுடன் எழுதி உள்ளே ஒட்டுதல் வேண்டும்.

இவையனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பலேறினோம், எவர் வாங்கினார், எவரிடம் கற்றார், எந்தப் பங்குனி உத்திரத்தில் முதன்முதல் வாசித்தார் என்பவற்றை அறிந்த முதியோர் நம்மிடையே சிலரே உளர். தகட்டின் எழுத்து இன்னும் ஐம்பதாண்டு நிற்கும். முதியோரின் நினைவு அவ்வளவு காலம் நில்லாது. அவர்கள் கூறுவதைக் கூறியவாறே எழுதி, கூறியவர் பெயரும் நாளும் இட்டு வைத்தால், பிற்காலத்தார் பெட்டியின் சான்றோடு ஒப்பிட்டுத் தெளிவர். அதற்கென ஒரு குறிப்பேட்டைத் தொடங்குதல் நம் சங்கத்துக்கு ஏற்ற பணியாகும். அவ்வேட்டின் முதல் பக்கம் இவ்வாண்டிலேயே எழுதப்படுக.

வாழ்க தமிழ்! வளர்க நம் குடியேற்றம்!